கண்டெய்னர் வந்த இரவும் அதற்குப் பிந்தைய ஏழு வாரங்களும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மடித்து, கவரில் போட்டு, பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டினால் பேக்கிங் முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தூத்துக்குடிக்குப் போகும் கண்டெய்னர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கும்.

2023 நவம்பரில் அப்படி ஓர் இரவு. ஒன்றரை ஷிப்ட் முடிந்து, எட்டரை மணிக்கு மேல் ஏற்றத் தொடங்கினோம். பெட்டி ஒன்று 19 கிலோ. பாதிக்கு மேல் ஏற்றிய பிறகு, தரையில் கிடந்த ஒன்றைக் குனிந்து தூக்கினேன். கால் இரண்டும் நட்டது நட்டபடி நிற்க, இடுப்பை மட்டும் திருப்பி மேலே நின்ற பையனிடம் நீட்டினேன். இடுப்பில் சுளீர் என்றது. பிடிப்பு என்று நினைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டு மிச்சத்தையும் ஏற்றினேன். அந்த மிச்சத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

காலையில் பல் துலக்கக் குனிய முடியவில்லை. வலி இடது பிட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் இறங்கி, சுண்டுவிரல் வரை ஓடியது. தும்மினால் மின்சாரம் தாக்கியது போல இருக்கும். மேனேஜர் போனில், “இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள், இ.எஸ்.ஐ.க்கெல்லாம் போய் அலையாதே” என்றார். அக்கறையில் சொல்கிறார் என்றே நம்பினேன். மனைவியின் அத்தை, பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்த ஒருவரை எங்கிருந்தோ அழைத்து வந்தார். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. அவர் மென்மையாகத்தான் மிதித்தார். எனக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. சிறுநீர், மலம் அடக்க முடிகிறதா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, பாதம் தொங்குகிறதா என்றுதான் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டுமாம். எனக்கு எதுவும் இல்லை. அடுத்து, “வேலையில் நடந்தது என்கிறீர்கள், விபத்து அறிக்கை எங்கே?” என்றார். நான் விழித்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. வேலையில் பட்ட காயத்தைக் கம்பெனி தன் விபத்துப் பதிவேட்டில், அதாவது படிவம் 11-இல், எழுத வேண்டும். பிறகு படிவம் 12-இல் இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அது பணிக்காயம் என்று ஏற்கப்பட்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அறிக்கை இல்லையென்றால் அதே வலி வெறும் நோயாகிவிடும். அப்போது 70 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள் வரைதான். காய்ச்சலுக்கும் இடுப்பு முறிய மூட்டை தூக்கியதற்கும் வித்தியாசம் ஒரு தாளில் இருக்கிறது. அந்தத் தாளுக்காக மூன்று முறை ஆபீஸுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட நொண்டினேன் என்று சொல்லலாம். அன்று இரவு என்னுடன் ஏற்றிய இருவர் சாட்சி சொல்லத் தயாராக இருந்ததால்தான் கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள்.

கோவையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில், எல்5, எஸ்1 என்ற இரண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பைத் தொடுவதாக அறிக்கை வந்தது. மைத்துனர் அதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்காத குறைதான். வலியே இல்லாத பலருக்கும் படமெடுத்தால் இப்படிப் பிதுக்கம் தெரியும், பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களில் குறைந்துவிடும் என்று சொல்லி, மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதினார்.

பிசியோதெரபி என்றால் இடுப்பில் கரண்ட் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அங்கிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் என் இடது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் கத்திவிட்டேன். பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார். இரண்டு நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும். அடுத்து முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்த வேண்டும். அப்புறம் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு கட்டிலிலேயே கிடக்க, கையால் மட்டும் உடம்பை மேலே தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: “அண்ணா, வலி இப்போது எங்கே இருக்கிறது?”

பத்து முறை தள்ளிய பின், சுண்டுவிரலில் இருந்த வலி கெண்டைக்காலோடு நின்றது. ஆனால் நடு இடுப்பில் கூடியிருந்தது. பயந்துபோய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. காலில் இருக்கும் வலி மேலேறி முதுகுக்குத் திரும்பினால் நல்ல சகுனம், இடுப்பில் கூடினாலும் பரவாயில்லை, எந்த அசைவில் வலி காலில் கீழே இறங்குகிறதோ அதை உடனே நிறுத்த வேண்டும் என்றார். நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1956-இல் தற்செயலாகக் கண்டுகொண்டதாம் இது. தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் ஒரு நோயாளி தெரியாமல் குப்புறப் படுத்திருக்கிறார். மெக்கன்சி வந்து பார்த்துப் பதறினால், அவரோ கால் வலி போய்விட்டது என்றாராம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து. இதுதான் மருந்து. திருப்பூரிலிருந்து கோவைக்கு 50 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து வருவதே வலியைக் கூட்டுவதால், வீட்டில் செய்துகொண்டு வாரம் ஒரு முறை வந்தால் போதும் என்றார். கரண்ட் வைக்கவில்லையே என்று எனக்கு ஏக்கம். கேட்டதற்கு, “வைக்கிறேன், ஆனால் அது வலியைக் கொஞ்ச நேரம் மறக்கவைக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வைத்தார். சுகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. படுத்தே கிடக்கவும் விடவில்லை. முதல் வாரமே பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நடக்கவைத்தார். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியக் கூடாது என்றார். இரவில் வட்டு நீரை உறிஞ்சி உப்பியிருக்குமாம். எங்கள் தெருவில் தண்ணீர் வருவது காலை ஐந்தரைக்கு. குடம் தூக்கும் வேலை மகனுக்குப் போனது. அவனுக்கு அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

நான்காம் வாரம் வலி பிட்டத்தைத் தாண்டவில்லை. இதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெரியவர் நான் செய்வதை அப்படியே செய்து, கால் மரத்துப்போய் இரண்டு நாள் அவதிப்பட்டார். அவருக்கு நின்றால், நடந்தால் வலி, உட்கார்ந்து குனிந்தால் சுகம். என் கதைக்கு நேர் எதிர். அவருக்கு முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஆகையால் இதைப் படித்துவிட்டு யாரும் பாயை விரித்துவிட வேண்டாம். ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஐந்தாம் வாரம் வேறொரு பாடம். பழைய செய்தித்தாளை நிரப்பிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து வரச் சொன்னார். முதலில் 5 கிலோ, பிறகு 10, பிறகு 15. முதுகை வளைக்காமல், பின்னால் திறந்திருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவது போல இடுப்பை மடக்கி இறங்க வேண்டும். பெட்டி வயிற்றோடு ஒட்டி வர வேண்டும். திரும்புவதாக இருந்தால் பாதம் முதலில் திரும்ப வேண்டும். பதினோரு ஆண்டுகளாகத் தூக்கியவனுக்குத் தூக்கத் தெரியவில்லை என்று ஒரு சின்னப் பெண் சொல்வது முதலில் கசந்தது. 19 கிலோ பெரிய எடையா என்று கேட்டேன். அமெரிக்காவின் நியோஷ் என்ற அரசு நிறுவனம், எல்லாம் சாதகமாக இருந்தால்கூடத் தூக்குவதற்கு 23 கிலோதான் என்று வைத்திருக்கிறது, தரையிலிருந்து, உடம்பைத் திருக்கி, நிமிடத்துக்குப் பல முறை என்றால் அந்தக் கணக்கு மளமளவென்று குறையும் என்றார். பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. 700 ரூபாய்க்கு வாங்கிய இடுப்பு பெல்ட்டை மட்டும், “பஸ்ஸில் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்.

எட்டாம் வாரத் தொடக்கத்தில் வேலைக்குத் திரும்பினேன். முதல் பதினைந்து நாள் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. பிறகு மேனேஜரிடம் ஒன்று கேட்டேன்: பெட்டிகளைத் தரையில் அடுக்காமல், கிடங்கில் சும்மா கிடக்கும், சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளான பேலட்டுகளை மூன்று மூன்றாக அடுக்கி அதன்மேல் வைக்கலாமா? முழங்கால் உயரத்திலிருந்து தூக்கினால் குனிவது பாதியாகும். இடம் அடைக்கும் என்றார். காசு ஆகாது என்றேன். காசு ஆகாது என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மறுப்பு கிடையாது.

கண்டெய்னர் வரும் நாட்களில் இப்போது அரை மணிக்கு ஒரு முறை, தூக்குகிறவரும் மேலே அடுக்குகிறவரும் இடம் மாற்றிக்கொள்கிறோம். சுவரோரம் நின்று, இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைகிறேன். பையன்கள் முதலில் சிரித்தார்கள். செய்தித்தாள் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பழைய பேப்பர்காரர் தெருவில் கூவும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்க்கிறாள். இன்னும் போடவில்லை.