மானிட்டர் வாரண்டி: பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள்

மானிட்டரின் பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பகுதியை, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், காசு வாங்கவில்லை. ஆனாலும் தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் என்னை அலையவிட்டதை நினைத்தால் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மன்னார்குடியில் ஒரு கடையில் வாங்கிய 27 அங்குல மானிட்டர், மூன்று வருட வாரண்டி. மூன்றாவது வருடம் பாதியில் இருக்கும்போது திரையின் வலது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. போனில் கேட்டால் "கேபிளை மாத்திப் பாருங்க சார்" என்றார்கள். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்து, மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனுவின் மேலும் கோடு ஓடினால் கோளாறு மானிட்டரில்தான். கம்ப்யூட்டருக்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை. அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அதுதான் கை கொடுத்தது.

வடுவூர் வழியாகப் போகும் பஸ்ஸில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் சீரியல் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "வாரண்டி முடிஞ்சிடுச்சு" என்றார். பில்லை நீட்டினேன். அதில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது. "இது இந்த மானிட்டரோட பில்லுதான்னு எப்படி நம்புறது?" அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வாங்கிய தேதி பதிவாகாததால் தயாரித்த மாதத்திலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த மாதம் மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. வாரண்டி அட்டையிலோ வாங்கிய தேதியிலிருந்து என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. இதை அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

கடைக்கார அண்ணன் தங்கமான மனிதர். பழைய கணக்கைத் தேடியெடுத்து, பில்லில் சீரியல் நம்பரை எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுத் தந்தார். அதை கம்பெனிக்கு மெயிலில் அனுப்பியதும் தேதியைத் திருத்திவிட்டார்கள்.

அப்புறம் கவுண்டரில் புதுக்கதை. "உங்க ஊர்ப் பக்கம் குறுவைக்கு மோட்டார் ஓடுறப்ப வோல்டேஜ் இறங்கும், அதுல போயிருக்கும், வாரண்டில வராது." அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்று காட்டினேன். இப்படி ஒற்றைக் கோடு விழுவது பெரும்பாலும் பேனல் ஓரத்தில் இருக்கும் ரிப்பன் போன்ற தட்டையான கேபிளின் இணைப்பு விடுவதால்தான். அவர் கேட்கவில்லை. "முடியாதுன்னா காரணத்தை எழுத்தில் கொடுங்க" என்றேன், கொடுக்கவில்லை. வெளியே வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். பில், வீடியோ, அடாப்டர் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். பிறகு கம்பெனியிலிருந்தே கூப்பிட்டு, மானிட்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டதற்குத் தரும் சீட்டில் (ஜாப் ஷீட்) "கீறல், உடைப்பு இல்லை" என்று எழுதி வாங்குங்கள். பிற்பாடு உடைந்திருக்கிறது என்று சொன்னால் உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.

திரும்ப வாங்கும்போது "வீட்ல போய்ப் பாருங்க" என்றார்கள். நான் நகரவில்லை. முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, செத்த புள்ளி (நிறம் மாறாமல் அப்படியே நிற்கும் புள்ளி) ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் பல கம்பெனிகள் பேனல் மாற்றித் தருவதில்லை, அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஒன்றும் இல்லை. பேனல் மாற்றியதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.