கடற்கரை ஊரில் குரோம் சில்லுகள்

என்னுடைய காரின் சில்லுகள் குரோம் முலாம் பூசியவை. உப்புக்காற்று ஓயாத திருகோணமலையில் அவற்றை மங்காமல் வைத்திருப்பது எப்படி என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் கடைப்பிடிக்கும் முறையைக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிபோல் மின்னும் அந்தக் குரோமியப் படலம் பெரும்பாலும் 1 மைக்ரோன் தடிப்புக்கூட இராது. அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அதன் கீழே பல மடங்கு தடித்த நிக்கல் படலம் உண்டு. உலோகத்தை உண்மையில் காப்பது அதுவே. குரோமியம் துருப்பிடிப்பதில்லை என்றாலும், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளினூடே ஈரத்தில் கரைந்த உப்பு இறங்கி, நிக்கலை அரித்து, அடியிலுள்ள உலோகத்தை எட்டிவிடுகிறது. இரும்புச் சில்லில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அலுமினியச் சில்லிலோ பூச்சு கொப்புளித்து எழும்ப, அதன் ஓரத்தில் வெள்ளைத் தூள் தென்படும். அப்படிப் பூச்சே எழும்பிய பின் எந்தப் பொலிஷும் உதவாது, பழைய பூச்சைக் களைந்து புதிதாக முலாமிடவே வேண்டும்.

ஆகவே விலையுயர்ந்த பொலிஷைவிட அடிக்கடி கழுவுவதையே நான் பெரிதாக நினைக்கிறேன். நிலாவெளி வீதியால் ஓடி வந்தவுடன், சூடாயிருக்கும் சில்லில் தண்ணீர் ஊற்றலாகாது; கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின், ஒவ்வொரு சில்லாக எடுத்து, மணலும் பிரேக் தூளும் போகும்வரை முதலில் வெறும் நீரைப் பாய்ச்ச வேண்டும். பிரேக் தூளில் இரும்புத் துணுக்குகள் இருப்பதால், அது கிடக்கத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். பின்னர் மென்மையான கார் ஷாம்பூவும் மெல்லிய தூரிகையும் போதும். சில்லுக்கெனத் தனி வாளியும் துணியும் வைத்துக்கொள்வது நல்லது. நட்டுக் குழிகளையும் சில்லின் உட்புறத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். உப்பு தங்குவது அங்கேதான். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவராக இருக்கும். அப்படியானால் கடைசி அலசலுக்காவது குழாய்நீரைப் பயன்படுத்தி, வெயிலில் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றியெடுக்க வேண்டும்.

கழுவுமிடங்களில் சில்லுக்கு அமிலக் கரைசல் அடிக்கிறார்களா என்று கேட்டறிந்த பின்பே வாகனத்தை விடுங்கள். நிமிடத்தில் பளிச்சிட வைக்கும் அந்தக் கரைசல், நுண்வெடிப்புகளுக்குள் இறங்கி உப்பின் வேலையை விரைவுபடுத்தும். பாத்திரம் தேய்க்கும் இரும்புநாரும் சாம்பலும் அறவே கூடாது. சிறு துருப்புள்ளிகளுக்கு, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது. எண்ணெய் பூசிவிட்டால் போதும் என்பாரும் உண்டு. அதில் மணல் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை துடைக்கையில் உரசும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாடைக்காற்று தொடங்குமுன், புரட்டாசியிலேயே பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பூசி முடிப்பது உகந்தது. கார் மெழுகுகளில் சேரும், ஒருவகைப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆகவே பிரேக் வெப்பம் படும் சில்லுக்குச் செயற்கைப் பொலிமர் பூச்சே அதிக காலம் நிற்கிறது. கழுவும்போது நீர் முத்துமுத்தாகத் திரண்டு உருண்டால் பூச்சு இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவி நின்றால் மறுபடி பூசும் வேளை வந்துவிட்டது.