கச்சானில் பாயும் கைட்டும்: ராமேஸ்வரம் தீவு நாட்குறிப்பு

ஜூன் 14, 2024, வெள்ளி

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டது. காலையில் காற்றுமானி 10, 11 நாட் காட்டியது. மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். தெற்கே மன்னார் வளைகுடாவில் அலை எழும்புகிறது, வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் தட்டையாகக் கிடக்கிறது. என் விண்ட்சர்ஃபிங் பலகையில் பெரிய பாயைத்தான் மாட்டினேன், 7.5 சதுர மீட்டர். பலகை மெதுவாக நகர்ந்தது, தண்ணீர்மேல் வழுக்கி ஓடவில்லை. கூட வந்த தம்பி அதே காற்றில் 14 சதுர மீட்டர் கைட்டை, அதாவது ஆளைப் பலகையோடு இழுக்கும் பெரிய காற்றாடியை, கிளப்பி, என்னைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான்.

இதில் ஆச்சரியமே இல்லை. கைட் 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிற்றின் நுனியில் பறக்கிறது. அந்த உயரத்தில் காற்று கூடுதல். அதோடு அதை 8 போட்டபடி ஆட்டினால், அசைவே இன்னும் கொஞ்சம் காற்றை உண்டாக்கிக்கொள்ளும். பாய்க்கு அந்த வசதி கிடையாது, வருகிற காற்றைத்தான் வாங்க முடியும். லேசான காற்றுக்கு கைட்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஜூன் 17, திங்கள்

18 நாட், சீராக. எனக்கு 5.5 பாய், அவனுக்கு 9 மீட்டர் கைட். எதை எடுத்தாலும் சந்தோஷமான காற்று. எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 19, புதன்

இன்றைக்குத்தான் விஷயம் இருக்கிறது. தங்கச்சிமடம் வடகரை. கச்சான் தீவைத் தாண்டி, பனையிலும் உடைமரத்திலும் வீடுகளிலும் மோதி, உடைந்து உடைந்து கடலுக்கு இறங்குகிறது. ஒரு நிமிடம் 13 நாட், அடுத்த நிமிடம் 26. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு.

பாயில் இதைச் சமாளிப்பது கை வேலை. தண்ணீரின் மேல் கறுப்புத் திட்டு ஓடி வருவது முன்கூட்டியே தெரியும். அது தொடும்போது பின்கையை ஒரு சாண் விட்டுக்கொடுத்தால் காற்று பாயிலிருந்து வழிந்துவிடும். திட்டு போனதும் இழுத்துக்கொள்ளலாம். காற்றே செத்துப்போனால் பலகைமேல் உட்கார்ந்துவிடலாம்.

கைட்டிலும் கையில் பிடித்திருக்கும் பாரை (கயிறுகள் கட்டிய தண்டை) தள்ளினால் இழுப்பு குறையும். 2000களின் நடுவில் வந்த வில் வடிவக் கைட்கள் இந்த வேலையை வெகுவாகச் சுலபமாக்கின. சிக்கல் காற்று விழும்போதுதான். கயிறு தொய்யும், கைட் தண்ணீரில் விழும், திரும்பக் கிளப்பவும் காற்று வேண்டும். அதுவரை கரைக்காற்று ஆளைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும்.

"கொஞ்சம் வெளியே போனா காத்து சீராயிடுமே அண்ணா?" என்று கேட்டான்.

"சீராகும்தான். மரத்தோட உயரத்தைப் போல பத்து மடங்குக்கு மேல தள்ளிப் போகணும். அங்க ஏதாவது அறுந்தா யார் இழுத்து வர்றது?"

படகுத் துணை இல்லாமல் கரைக்காற்றில் கைட் கூடாது என்பதில் நான் கறாராகவே இருக்கிறேன். இன்று கைட் பைக்குள்ளேயே இருந்தது.

ஜூன் 20, வியாழன்

அதே காற்றுக்குத் தெற்குக் கரை. கடலிலிருந்து சாய்வாக வருவதால் குலுக்கல் இல்லை, 20 நாட். கைட்டுக்கு அருமையான நாள், ஆனால் கிளப்ப இடம் வேண்டும். காற்றுப் போகும் திசையில் கயிற்று நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது ஆளும் மரமும் இல்லாமல் இருக்க வேண்டும். உடைமுள் ஒன்று குத்தினால் கைட்டின் காற்றடைத்த குழாய் போச்சு. மணலில் கைட்டை விரிக்கும் முன் குனிந்து முள் பொறுக்கினோம். பாய்க்கு இந்தக் கவலை இல்லை, ஒரு சின்னச் சந்து போதும்.

ஆழம் வேறு கதை. முழங்கால் தண்ணீரில் கைட் பலகை தாராளமாக ஓடும், அதன் அடியில் நீட்டியிருக்கும் ஃபின் நாலைந்து சென்டிமீட்டர்தான். என் பலகையின் ஃபின் ஒரு முழம். கடற்புல்லை வாரிச் சுருட்டிக்கொண்டு பிரேக் போட்டதுபோல நின்றது.

ஜூலை 2, செவ்வாய்

இந்த மாதக் கடைசியில் மார்சேயில் ஒலிம்பிக் பாய்மரப் போட்டி. விண்ட்சர்ஃபிங் 1984 முதல் உண்டு. கைட்டுக்கு இதுவே முதல் முறை. 2012 மே மாதம் விண்ட்சர்ஃபிங்கை நீக்கிக் கைட்டைச் சேர்ப்பதாகச் சர்வதேசப் பாய்மரக் கூட்டமைப்பில் முடிவெடுத்து, நவம்பரில் அதையே மாற்றினார்கள். இப்போது இரண்டும் இருக்கின்றன, இரண்டுமே ஃபாயிலில், அதாவது பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கும் இறக்கையில். எட்டு நாட் காற்றிலும் பலகை தண்ணீருக்கு மேலே எழும்பிவிடும் என்பதால் பாயின் பழைய குறை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் ஃபாயிலுக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டுமே, நம் வடகரையில் அதற்கு வெகுதூரம் நடக்க வேண்டும்.

நாளைக்கு 25 நாட் என்கிறார்கள். தென்மேற்கிலேயே நின்றால் தெற்குக் கரைக்கு 7 மீட்டர் கைட், அலை பெரிதானால் 4.5 பாய். இரண்டையும் வண்டியில் ஏற்றியாயிற்று.