மூன்றாவது லேயர் பாஸாக பதினொரு நாள்

பாலக்கோடு பக்கம் ஒரு அண்டர்பாஸின் மேல்பாலத்துக்கு ஏறும் அப்ரோச் ரோட்டின் மண்வேலை எங்களுக்கு சப்-கான்ட்ராக்டில் வந்தது. மண்ணை லேயர் லேயராகப் பரப்பி உருட்ட வேண்டும், ஒவ்வொன்றும் இறுக்கச் சோதனையில் பாஸானால்தான் அடுத்தது. முதல் இரண்டு லேயர் கேட்ட அன்றே பாஸ். மூன்றாவதில் பதினொரு நாள் போய்விட்டது, அதில் பாதி நாள் ரோலரும் தண்ணி லாரியும் வாடகைக்கு நின்றுகொண்டே இருந்தன.

முதல் அடி பேப்பரில் விழுந்தது. ஆர்எஃப்ஐ, அதாவது சோதிக்க வரச்சொல்லும் கோரிக்கை, போட்ட மறுநாளே திரும்பி வந்தது, எங்கள் தராசின் காலிபரேஷன் சான்றிதழ் முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டதாம். தப்பு எங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையை மேற்பார்க்கும் கன்சல்டன்ட் ஆபீசில் ஃபைல் வாங்குகிறவர் "வேற எதுவும் இல்லையா சார்?" என்று கேட்டும் வாயைத் திறக்கவில்லை. தராசைச் சரிபார்த்து இரண்டு நாள் கழித்துக் கொண்டுபோனால், அதே ஃபைலில் இன்னொரு பேப்பர் குறைகிறது என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணிலேயே இருந்தது. முதல் இரண்டு லேயருக்கும் குவாரியின் மேல்பகுதிச் செம்மண் வந்தது, அதன் பிராக்டர் அடர்த்தி, அதாவது அந்த மண்ணை லேபில் இடித்து இறுக்கினால் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தி, 1.92. மூன்றாவதற்கு டிப்பர்காரர்கள் கீழே இறங்கி கிராவல் அள்ளியிருக்கிறார்கள். எங்கள் பையன் களத்தில் குழி தோண்டி, அதில் மணல் நிரப்பிக் கொள்ளளவு பார்த்து எடுத்த அடர்த்தி 1.91, பழைய 1.92-ஆல் வகுத்து 99.5 சதவீதம் என்று எழுதிவிட்டான். எம்பேங்க்மென்டுக்கு, அதாவது இந்த மண்மேட்டுக்கு, கேட்பது 95, மேலே ரோட்டுக்கு நேர் கீழே வரும் சப்கிரேடுக்குத்தான் 97, அதனால் நானும் கவலையில்லாமல் இருந்தேன். பார்க்க வந்த கன்சல்டன்ட் இன்ஜினியர் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கல் உருண்டையை எடுத்துக் காட்டி, "இது அந்த மண்ணே இல்லையேங்க, புதுசா பிராக்டர் போடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான்.

அவசரத்தில் ஒரு மூட்டை மண்ணை வண்டியில் போட்டு சேலத்தில் ஒரு லேபுக்கு ஓட்டினேன். மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது, கன்சல்டன்ட் ஏற்கவில்லை. சாம்பிள் எடுக்கும்போது அவர்கள் ஆள் கூட இருந்து மூட்டைக்கு சீல் வைத்திருக்க வேண்டுமாம். டீசல், மூன்று நாள், லேப் கட்டணம் எல்லாம் வீண். வெளியே சோதனைக்கு அனுப்புகிறவர்கள் சீல் இல்லாமல் மூட்டையை வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கடைசியில் இரண்டு தரப்பும் நின்று சைட் லேபிலேயே போட்டோம். 2.04 வந்தது. அதே 1.91 இப்போது 93.6, லேயர் ஃபெயில்.

ரோலர் ஓட்டுகிற அண்ணன் "எட்டு பாஸ் போட்டாச்சு சார், இன்னும் ரெண்டு போடட்டுமா?" என்று கேட்டார். ரோலர் எத்தனை முறை ஓடியது என்ற பாஸ் எண்ணிக்கையை யார் கேட்கிறார்கள், கடைசியில் என்ன அடர்த்தி வந்தது என்பதுதானே கணக்கு. மண்ணில் ஈரம் 6 சதவீதம்தான் இருந்தது, வேண்டியது 9. காய்ந்த கிராவல் மேல் எத்தனை முறை ஓட்டினாலும் இறுகாது. கிரேடரால் கிளறிப்போட்டு, தண்ணி விட்டு, புரட்டி, மறுபடி உருட்டியதும் ஆறு பாஸிலேயே மேற்பரப்பு இறுகிப்போனது. ஈரம் பார்க்க கார்பைடு மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அது காட்டுவது ஈரமண் எடைக்கான சதவீதம். 9 என்று காட்டினால் காய்ந்த மண் எடைக்கு அது கிட்டத்தட்ட 9.9. மாற்றாமல் கணக்குப் போட்டால் அடர்த்தி கூடுதலாகத் தெரியும், பிறகு கன்சல்டன்ட் சோதிக்கும்போது மாட்டிக்கொள்வோம்.

மறுசோதனையிலும் முதல் குழி 94.6. எனக்குக் கை காலே ஓடவில்லை. அப்போது அந்த இன்ஜினியரே பக்கத்து லேனில் ஓடிக்கொண்டிருந்த ரோலரைப் பார்த்து, "அதை நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் தோண்டலாம்" என்றார். அதிர்வில் குழிக்குள் மணல் நெருங்கி உட்கார்ந்து கூடுதலாக இறங்கிவிடும், குழி பெரிதாகக் கணக்காகும், அடர்த்தி குறைந்து காட்டும். ரோலர் நின்றது, பத்தடி தள்ளி அடுத்த குழி. பையன் குழிக்குள் ஒட்டியிருந்த துகளைக்கூட பிரஷ்ஷால் கூட்டி எடுத்தான். 1.97, அதாவது 96.6. மற்ற குழிகளும் 95-க்கு மேல் வந்தன.

பாலத்தில் ஏறும் இடம் இறங்கிவிட்டால் தக்காளி மண்டிக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே தூக்கிப்போடும். அதனால் அந்த இன்ஜினியர் பிடிவாதமாக நின்றதில் எனக்கு வருத்தமில்லை. பேப்பருக்காக அலைந்த நாட்களைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் விடியலில் குவாரிக்கே போய், நான்காவது லேயருக்கு அள்ளும் இடத்திலேயே கன்சல்டன்ட் ஆளை வைத்துக்கொண்டு இரண்டு மூட்டை எடுத்து, சீல் வைத்த பிறகுதான் முதல் டிப்பரை ஏற்ற விட்டேன்.