வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு சாண் செடி

செடி வாங்கும்போது எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "இது எவ்வளவு பெரிசா வரும்?" விற்றவர் கையை விரித்துக் காட்டினார். "ஒரு சாண். அதுக்கு மேல போகாது."

நாங்கள் இருப்பது நான்காம் மாடியில், இரண்டு அறை வீடு. ஒரு சாண் என்றால் தாராளமாக இடம் இருக்கிறது. 2023 தை மாதம், மூன்று அங்குலச் சாடியோடு அதைக் கொண்டுவந்து ஹோலில் புத்தகத் தட்டின் மேல் வைத்தேன். அன்றே அடிமட்டம் வைத்து அளந்தேன்: ஒரு பக்க இலை நுனியில் இருந்து மறுபக்க நுனி வரை 9 செ.மீ. நடுப்பகுதி மாதுளை முத்தின் நிறம்.

பெயர் நியோரெஜீலியா ஃபயர்போல். புரொமிலியாட் குடும்பம், அதாவது அன்னாசிக்குச் சொந்தம். நியோரெஜீலியாக்களில் பெரும்பாலானவற்றின் தாயகம் பிரேசில். அங்கே மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. இலைகள் ஒன்றை ஒன்று அணைத்து நடுவில் ஒரு கிண்ணம் போல நிற்கும். அதில் தேங்கும் தண்ணீரைச் செடி இலை வழியாகவே குடித்துக்கொள்ளும். வேருக்குப் பிடித்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதல் எட்டு மாதம் செடி நன்றாக வளர்கிறது என்றே நம்பினேன். இலைகள் நீண்டுகொண்டே போயின. சிவப்பு மெல்ல மங்கிப் பச்சையானது. சத்து போதவில்லை என்று நினைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை திரவ உரம் கரைத்து ஊற்றினேன். புரட்டாதியில் அளந்தால் 27 செ.மீ! இலைகள் நாடா மாதிரி தட்டின் விளிம்பில் தொங்கின. ஒரு சாண் எப்போதோ தாண்டிவிட்டது. விற்றவர் வேறு ஏதோ செடியைத் தந்துவிட்டார் என்று கூட நினைத்தேன்.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை பத்தரமுல்லை தியத்த உயனவில் உள்ள செடிக்கடைகளுக்குப் போனேன். அங்கே நிழல்வலைக்குக் கீழே அதே ஃபயர்போல், வரிசையாக. ஒவ்வொன்றும் 15 செ.மீ. இருக்கும். இலைகள் கட்டையாக, விறைப்பாக, முழுக்கச் சிவப்பு. கைபேசியில் என் செடியின் படத்தைக் காட்டினேன். கடையில் இருந்த அக்கா தமிழும் சிங்களமும் கலந்து சொன்னார்: "இதுவும் அதுதான். எலிய மதி. வெளிச்சம் காணாது. வெளிச்சத்தைத் தேடித்தான் நீளுது. உரத்தையும் நிப்பாட்டுங்க."

எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. செடியின் முழு அளவு என்பது அதன் பெயரோடு ஒட்டிய ஒரே எண் என்று நினைத்திருந்தேன். உண்மையில் இந்தச் செடியில் அளவை வெளிச்சமும் உரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் அது குட்டையாக, அகலமான இலையோடு, சிவந்து நிற்கும். இருட்டில் நீண்டு வெளிறும். நைதரசன் கூடிய உரம் கொடுத்தால் இன்னும் நீளும், நிறமும் போகும்.

அப்புறம் இடம் மாற்றினேன். எங்கள் பல்கனி கடலைப் பார்த்த மேற்குப் பக்கம். காலையில் இதமான வெளிச்சம், பிற்பகலில் நேர் வெயில். முதல் நாளே விளிம்பில் வைத்த அவசரத்தில் ஓர் இலை வெளிறிப் பழுப்பாகிக் கருகியது. மறுபடி யன்னலுக்கு உள்ளே எடுத்து, கிழமைக்கு ஓர் அடி என்று மெல்ல வெளியே நகர்த்தி, கடைசியில் பின்னேரம் மூன்று மணி வெயில் படாத மூலையில் நிறுத்தினேன். வெள்ளைத் தாளுக்கு மேல் கையைப் பிடித்தால் ஓரம் கலங்கிய ஒரு நிழல் விழ வேண்டும். அதுதான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

நீண்டுபோன பழைய இலை திரும்பக் குறுகாது. நடுவில் இருந்து வரும் புது இலைதான் மாறும். தையில் பார்த்தால் ஒரே செடியில் இரண்டு செடி: வெளி வட்டத்தில் தொங்கும் பச்சை நாடாக்கள், உள்ளே விரல் நீளத்தில் விறைத்த சிவப்பு இலைகள். எந்த இலை ஹோலில் பிறந்தது, எந்த இலை பல்கனியில் பிறந்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம். அந்த நாட்களில் காலைத் தேநீரை அதன் பக்கத்தில் நின்றுதான் குடித்தேன்.

கொழும்பில் இதை வளர்ப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது அந்தக் கிண்ணத் தண்ணீர். 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஒருநாள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து சாடித் தட்டுகளைப் பார்த்துவிட்டு, டோர்ச்சை இலைகளுக்கு நடுவிலும் அடித்துப் பார்த்தார். நல்லவேளை, அன்று காலைதான் கழுவியிருந்தேன். நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் ஞாயிறும் புதனும் சாடியை பேசினுக்கு மேல் கவிழ்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டி, குழாயைத் திறந்து கிண்ணத்தையும் இலை இடுக்குகளையும் அலசி, கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் விடுகிறேன். கடல் காற்றில் படியும் உப்பும் அதோடு போய்விடும். ஊருக்குப் போகும்போது வெறும் கிண்ணமாக விட்டுவிட்டுப் போவேன், சாடிக்கலவை ஈரமாக இருந்தால் போதும்.

2024 ஆவணியில் அப்படிக் கவிழ்க்கப் போனபோதுதான் பூவைப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில், உள்ளங்கைக்குள் ஒளித்து வைத்தது போல, அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய ஊதாப் பூக்கள். இந்த இனத்தில் பூந்தண்டு உயராது. நாளுக்கு ஒன்று இரண்டாக விரிந்து முடிந்தன. அதன் பிறகு நடுவில் புது இலையே வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தா. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னா: "உது வாழை மாதிரித்தான் பிள்ளை. குலை போட்டாப் பிறகு தாய் நிக்காது. குட்டி வரும், அதைப் பார்."

அம்மா சொன்னது அப்படியே நடந்தது. பூத்தவுடன் அந்தச் செடியின் வளர்ச்சி முடிந்துவிடுகிறது. அதன் கடைசி அளவு அதுதான். இரண்டு மாதத்தில் அடியில் இருந்து பென்சில் போன்ற தண்டுகள் நீண்டு, நுனியில் மூன்று குட்டிகள் வந்தன. அவசரப்பட்டு ஒன்றை 4 செ.மீ. இருக்கும்போதே வெட்டினேன், அழுகிப் போயிற்று. குட்டி தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்காவது வரும்வரை பொறுக்க வேண்டும். அடுத்ததை அப்படியே விட்டு, கூரான கத்தியால் தண்டோடு சேர்த்து எடுத்து, பொச்சுத் துண்டும் சிரட்டைக் கரியும் கலந்த நான்கு அங்குலச் சாடியில் ஆடாமல் கட்டி வைத்தேன். பெரிய சாடி வேண்டாம். ஈரம் தங்கி அடி அழுகும். உரம், பெட்டியில் சொன்னதில் கால் பங்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் கிண்ணத்துக்குள் விடாமல் வேர்ப்பக்கம் மட்டும்.

சின்ன வீட்டுக்கு வேறு புரொமிலியாட் தேடுபவர்களுக்கு: குஸ்மேனியா பூத்தால் ஒன்று ஒன்றரை அடி உயரும், எக்மியா ஃபசியாட்டா அகலத்தில் இரண்டு அடி வரை பிடிக்கும். கிரிப்டாந்தஸ் தரையோடு நட்சத்திரமாகப் படரும், கிண்ணம் கிடையாது. ஆகவே நுளம்புக் கவலையும் இல்லை.

பல்கனி வெளிச்சத்திலேயே பிறந்து வளர்ந்த குட்டி நேற்று 16 செ.மீ. நீண்ட இலை ஒன்றுகூட இல்லை. கடைசிக் குட்டி 6 செ.மீ. தாயின் வெளி இலைகள் காய்ந்துகொண்டு வருகின்றன, ஆனாலும் அந்தக் குட்டியை இன்னும் பிரிக்கவில்லை. இன்னும் இரண்டு இலை வரட்டும்.