படபடப்பு எத்தனை மணிக்கு வந்தது?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, விட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி வைத்திருப்பார்கள். மணியைக் குறித்து வைப்பவர்கள் குறைவு. ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த பிறகா, ஓடி முடித்து உட்கார்ந்த பிறகா? அப்படியென்றால் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பைச் சந்தேகிக்கலாம். பகலில், மாடி ஏறும்போது, கோபத்தில் வந்தால், இதயத்தை உசுப்பிவிடும் அட்ரினலின். பாரிஸ் மருத்துவர் ஃபிலிப் கூமெல் 1970களின் கடைசியிலேயே வேகஸ் வகையை விவரித்துவிட்டார்.

வேகஸ் முனைகளில் சுரக்கும் அசிடைல்கோலின், மேலறைச் செல்களின் பொட்டாசியம் வாசல்களைத் திறக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த தூண்டலை ஏற்பதற்கும் நடுவே செல்லுக்குக் கிடைக்கும் ஓய்வு குறுகிவிடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறைந்தால்கூட இவ்வளவு தொல்லை இல்லை. இந்த நரம்பு முனைகள் திட்டுத்திட்டாகத்தான் பரவியிருக்கின்றன. ஓரிடம் தயாராக இருக்கும், பக்கத்து இடம் இருக்காது. மின் அலை அங்கே சுழல ஆரம்பிக்கிறது. அட்ரினலின் செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி, நேரங்கெட்ட துடிப்புகளைக் கிளப்பிவிடும். அவை பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து வருகின்றன என்று போர்தோ நகரக் குழு 1998இல் காட்டியது.

நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். குறட்டையோடு மூச்சு அடைபடுகிறவருக்கு அடைப்பின்போது வேகஸ், திணறி விழிக்கும்போது அட்ரினலின் என்று ராத்திரி முழுக்க மாறிமாறி அடி. தூக்கப் பரிசோதனை செய்யாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை.

வேகஸ் வகையில், நாடியைக் குறைக்கத் தரும் டிகாக்சின் நிலைமையை மோசமாக்கலாம், ஏனென்றால் அதுவே வேகஸைத் தூண்டும் மருந்து. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கரும் சிலருக்கு ஒத்துவராது. துடிப்பின் தாளத்தைச் சீராக்கும் ஃப்ளெகெய்னைடு பொருந்தலாம், ஆனால் மாரடைப்போ இதயத் தசைக் கோளாறோ உள்ளவர்களுக்குக் கூடாது. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: ஃபிப்ரிலேஷனை அது மெதுவான ஃப்ளட்டராக (மேலறைகள் வேகமாக, ஆனால் ஒரே சீராகத் துடிக்கும் நிலை) மாற்றி, ஒவ்வொரு துடிப்பும் கீழறைக்கு இறங்கிவிட்டால் நாடி 200ஐத் தொடும். அதைத் தடுக்கத்தான் கூடவே பீட்டா பிளாக்கர் எழுதுகிறார்கள்! எனவே ‘எனக்கு வேகஸ் வகை’ என்று நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டு முடக்கும் அப்லேஷன் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு நாடி 60இலிருந்து 75 ஆகிவிட்டதே என்று பதறுகிறவர்கள் உண்டு. சிரைகளைச் சுற்றிச் சூடு வைக்கும்போது, பக்கத்துக் கொழுப்பில் புதைந்திருக்கும் நரம்பு முடிச்சுகள் சிலவும் கருகுகின்றன. வேகஸின் கடிவாளம் தளர்கிறது. அந்த முடிச்சுகளையே குறிவைத்து அறுவை சிகிச்சையில் அழித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. முற்றிய நோயாளிகளுக்கு அதனால் கூடுதல் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடியது.

குறிப்பேட்டில் நாலே விஷயம் போதும்: தொடங்கிய மணி, அப்போது படுத்திருந்தீர்களா நின்றிருந்தீர்களா, முந்தைய சில மணி நேரத்தில் சாப்பாடு, மது, உடற்பயிற்சி என்ன, முடிந்த மணி. ரத்த உறைவுத் தடுப்பு மருந்துக்கு மட்டும் இந்த வகைப்பிரிப்பு செல்லாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றை வைத்தே அதை முடிவு செய்வார்கள்.