வளவு வீட்டில் ஒலிப்பதிவு

காரைக்குடிப் பக்கம் ஒலிப்பதிவு பழக விரும்புகிறவர்கள், மைக்கின் விலையை விசாரிப்பதற்கு முன் தங்கள் வீட்டு வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின், நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்க வேண்டும் என்பேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஒலியைப் பெரும்பாலும் திருப்பியே அனுப்புவதால், அந்த முழக்கம் அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் காலமே எதிர்முழக்க நேரம். அறையின் கனஅளவு கூடினால் அது நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்பது அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் கண்ட விதி.

ஆகவே அப்பத்தாவின் தாலாட்டை நான் பதிவு செய்தது வளவில் அல்ல, இரண்டாம் கட்டை ஒட்டிய சிறிய அறையில். சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்தபோது, "மெத்தை படுக்கவா, பாடவாடா?" என்று கேட்டார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன். தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறையின் முழக்கமோ அநேகமாக அப்படியே நிற்கும். ஆனால் மிக நெருங்கினால் இவ்வகை மைக்கில் அடிக்குரல் வீங்கிவிடும்.

ஒலியளவை மிக நுண்ணிய படிகளில் குறிக்கும் 24 பிட்டில் பதிவதால், குரலின் உச்ச அளவை, தாண்டினால் ஒலி சிதையும் உச்சவரம்புக்கு 12 டெசிபல் கீழே நிறுத்தினாலும் இரைச்சல் உறுத்துவதில்லை. மின்விசிறியை நிறுத்த அப்பத்தாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.